தகடு உருட்டுவதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு நிதியில் நடந்த ஒரு ரோலிங் ஆராய்ச்சித் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப் (இளநிலை ஆராய்ச்சி மாணவர்) ஆகச் சேர்ந்து, அப்புறம் அந்தத் துறையிலேயே தங்கிவிட்டவன் நான். கல்யாண வீட்டுப் பந்தியில், ரயிலில், நேர்முகத் தேர்வு அறைக்கு வெளியே என்று பல இடங்களில் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன. பதில் பாதியில் இருக்கும்போதே ஸ்டேஷன் வந்துவிடும், அல்லது பாயசம் வந்துவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு உருளைக்கு நடுவே விட்டால் இரும்பு மெலிதாகிவிடும். இதில் ஆராய்ச்சி எங்கே வருகிறது?

கரும்புச் சாறு வண்டி முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மெல்லிய கழியை உருளை தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். பருத்த அடிக்கரும்பை வைத்தால் கவ்வாது. அதன் முகத்தில் உருளை வழுக்கிக்கொண்டே சுற்றும். கடைக்காரர் கழியைப் பிளந்து கொடுப்பார், இல்லாவிட்டால் பின்னாலிருந்து அழுத்தித் தள்ளுவார். உருட்டாலையிலும் முதல் கேள்வி அதுதான்: உருளை தகட்டைக் கவ்வுமா?

கவ்வ வைப்பது உராய்வு. ஒரே பாஸில், அதாவது உருளைக்குள் ஒரு தடவை விடும்போது, எவ்வளவு தடிமன் குறைக்கலாம் என்பதற்குக் கணக்கு எளிது. உராய்வுக் கெழுவின் வர்க்கத்தை உருளையின் ஆரத்தால் பெருக்குங்கள். சூடான எஃகுக்கு உராய்வு 0.3, உருளையின் ஆரம் 500 மி.மீ. என்றால் 45 மி.மீ. வரை குறைக்கலாம். எண்ணெய் விட்டுக் குளிர்நிலையில் உருட்டும்போது உராய்வு 0.1க்குக் கீழே போய்விடும். ஆரம் 250 மி.மீ. என்றால் இரண்டரை மில்லிமீட்டர்கூடத் தேறாது.

சரி, உராய்வை ஏற்றிவிடலாமே? ஏற்றினால் விசை எகிறும், தகட்டின் மேற்பரப்பு கீறும், உருளை தேயும். வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும். அந்த அளவோ உருளைக்கும் தகட்டுக்கும் நடுவே, யாரும் கருவியை நுழைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. நேரே பார்த்து அளக்க வழியில்லை. விசையிலிருந்தும் வேகத்திலிருந்தும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டியதுதான்.

இதெல்லாம் தகட்டுக்கு வெளியே நடப்பது. நிதி கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் முக்கால்வாசி, தகட்டுக்கு உள்ளே நடப்பதைப் பற்றியவை.

உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

நகைப் பட்டறையில் தங்கத்தைத் தகடாக்க ஒரு சின்ன ரோலிங் மெஷின் இருக்கும். சில தடவை விட்டதும் ஆசாரி நிறுத்திவிடுவார். இன்னொரு தடவை விட்டால் ஓரம் வெடித்துவிடும் என்பது அவர் கைக்குத் தெரியும். தகட்டை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, ஆறிய பின் மறுபடி விடுவார். நாங்கள் லேபில் செய்வதும் இதையே. எத்தனையாவது தடவையில், எந்தச் சூட்டில், ஏன் என்று எண்களாக எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

உலோகம் என்பது கோடிக்கணக்கான சின்னச் சின்னப் படிகமணிகள் நெருக்கி அடுக்கிய பொருள். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் வரிசையாக இருக்கும். வரிசையில் ஆங்காங்கே பிசகு இருக்கும். அந்தப் பிசகுக் கோட்டுக்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். உலோகம் உடையாமல் வளைவதே இந்தக் கோடுகள் நகர்வதால்தான். இதை 1934ல் டெய்லர், ஒரோவான், போலான்யி என்ற மூவர் தனித்தனியாகச் சொன்னார்கள்.

குளிர்நிலையில் உருட்டும்போது இந்தக் கோடுகள் பெருகிக்கொண்டே போகும். பெருகப் பெருக ஒன்றின் வழியை ஒன்று அடைக்கும், உலோகம் கெட்டியாகும். நன்றாக உருட்டிய ஒரு கன சென்டிமீட்டர் உலோகத்தில் இருக்கும் டிஸ்லொகேஷன் கோடுகளை எல்லாம் நீட்டி ஒட்டினால் பத்து லட்சம் கிலோமீட்டர் வரும். நிலாவுக்குப் போய்த் திரும்பினாலும் மிச்சம் இருக்கும். ஒரு சர்க்கரைக் கட்டி அளவுக்குள் இவ்வளவும் அடைந்து கிடக்கிறது. இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று, பூஜ்யத்தில் தப்பு செய்திருப்பேனோ என்று மூன்று தடவை சரிபார்த்தேன்.

நாம் கொடுக்கும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு சூடாகவே போய்விடுகிறது. மீதி ஒரு பங்கு, அதற்கும் குறைவு, இந்தக் கோடுகளாக உள்ளே தங்குகிறது. அந்தச் சொற்பப் பங்குதான் தகட்டின் குணத்தை மாற்றுகிறது.

சூடாக உருட்டுவது, குளிராக உருட்டுவது: என்ன வித்தியாசம்?

சூடாக உருட்டும்போது ஆசாரியின் நெருப்பு உள்ளேயே இருக்கிறது. நசுங்கிய மணிகள் அடுத்த உருளைக்குப் போவதற்குள் புது மணிகளாக மறுபடி உருவாகிக்கொள்ளும். குளிரில் அது நடக்காது; அனீலிங் உலைக்கு, அதாவது மறுபடி சூடேற்றி ஆறவைக்கும் உலைக்கு, போனால்தான் உண்டு.

ஹாட் மில்லை நேரில் பார்த்தால் மறக்காது. சுமார் 1,200 டிகிரியில் உலையை விட்டு வரும் 230 மி.மீ. தடிமனான ஸ்லாப் (எஃகுப் பாளம்), வரிசையாக நிற்கும் ஸ்டாண்டுகளை, அதாவது உருளைச் சட்டங்களைக் கடந்து 2 மி.மீ. தகடாக வெளியே வரும்போது 115 மடங்கு நீண்டிருக்கும். பத்து மீட்டர் நீளத்தில் போனது ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். கடைசி ஸ்டாண்டில் விநாடிக்குப் பத்து மீட்டர் வேகம் சாதாரணம். சென்னையில் மாநகரப் பேருந்து அந்த வேகத்தில் ஓடினால் அதிர்ஷ்டம். அந்த உருளைக்குள் தகட்டின் ஒரு புள்ளி இருக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மில்லிவிநாடி. நாம் ஆராய வேண்டியது அந்த இரண்டு மில்லிவிநாடியையும், அடுத்த ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் மணிகள் என்ன செய்துகொள்கின்றன என்பதையும்.

‘மெட்டீரியல் பெர்ஃபார்மன்ஸ்’ என்று திட்டத் தலைப்பில் போடுகிறார்கள். அது என்ன?

தகடு வேலைக்குப் போன இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பது. வலிமை, நீட்சி, உடையாத உறுதி, களைப்பு (திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கித் தளர்வது), துரு. ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் எவர்சில்வர் டம்ளர்.

வட்டத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி டம்ளர் இழுக்கும்போது விளிம்பு சமமாக வராது. நாலு இடத்தில் மேடு, நாலு இடத்தில் பள்ளம் என்று அலை அலையாக நிற்கும். துறையில் இதற்குப் பெயரே ‘காது’. காதுகளை நறுக்கினால்தான் விற்க முடியும். நறுக்கியது பழைய இரும்புக்கடைக்கு. காது ஏன் முளைக்கிறது? உருட்டும்போது படிகமணிகள் கண்டபடி நிற்பதில்லை. சில திசைகளை விரும்பித் திரும்பி நிற்கின்றன. இதை டெக்ஸ்சர் என்கிறோம். ஆகவே தகடு உருட்டிய திசையில் ஒரு மாதிரியும், 45 டிகிரியில் வேறு மாதிரியும் நீளும். மணிகள் அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டாலோ, இழுத்த இடம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். பட்டறைக்காரர் ‘ஷீட் சரியில்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த வார்த்தைக்குப் பின்னால் பல நூறு முனைவர் பட்டங்கள் இருக்கின்றன.

பெரிய உதாரணமும் ஒன்று. 1943 ஜனவரி 16 இரவு, அமெரிக்காவின் போர்ட்லண்டு துறையில் கட்டியிருந்த ஷெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், அலையே இல்லாத தண்ணீரில் நின்றபடி ஏறக்குறைய இரண்டாக உடைந்தது. வெல்டிங் குறை, வடிவமைப்பு, குளிரில் நொறுங்கும் எஃகு எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அதற்குப் பிறகு, வலிமை மட்டும் போதாது, குளிரிலும் உடையாமல் நிற்க வேண்டும் என்பது தகடு வாங்குகிறவர்களின் நிபந்தனையாக மெல்ல மெல்ல ஏறியது.

இரண்டையும் ஒன்றாக உயர்த்தும் வழி ஒன்றே: மணிகளைச் சின்னதாக்குவது. 1951ல் ஹாலும் 1953ல் பெட்சும் இதைக் கணக்காகத் தந்தார்கள். மணியின் விட்டம் நாலில் ஒன்றானால், மணி எல்லைகள் தரும் வலிமை இரட்டிப்பாகும். சாதாரண எஃகில் மணி 25 மைக்ரானாக (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும்போது அந்தப் பங்கு சுமார் 120 மெகாபாஸ்கல். 6 மைக்ரானுக்குக் கொண்டுவந்தால் 240. விலை உயர்ந்த எதையும் அள்ளிப் போடவில்லை, உருட்டும் சூட்டையும் வரிசையையும் மாற்றியிருக்கிறோம். கூடவே ஒரு டன்னுக்கு 300 முதல் 500 கிராம் நியோபியம் என்ற உலோகம். உருட்டலின்போது மணிகள் மறுபடி உருவாவதை அது தாமதப்படுத்தும். நசுங்கிய நிலையிலேயே தகடு குளிரும் கட்டத்துக்குப் போவதால் புது மணிகள் பொடியாகப் பிறக்கும். இன்றைய எரிவாயுக் குழாய்த் தகடுகள் இந்த வழியில் வந்தவை.

உருளைகளுக்கு நடுவே 1 மி.மீ. இடைவெளி வைத்தால் 1 மி.மீ. தகடு வருமா?

வராது. 3 மி.மீ. வரலாம். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பதில் இதுதான்.

மில் எவ்வளவு பிரம்மாண்டமாக இருந்தாலும் அதுவும் எஃகுதான், அழுத்தினால் விரியும். பெரிய மில் ஒன்றின் விறைப்பு, ஒரு மில்லிமீட்டர் விரிய 500 டன் என்று வைத்துக்கொள்வோம். உருட்டும் விசை 1,000 டன் என்றால் உருளைகள் 2 மி.மீ. பிரிந்து நிற்கும். வெளியே வரும் தடிமன் = வைத்த இடைவெளி + விசையை விறைப்பால் வகுத்தது. தகட்டில் ஓரிடம் சற்றுக் குளிர்ந்திருந்தால் அங்கே விசை ஏறும், மில் இன்னும் கொஞ்சம் விரியும், தகடு அந்த இடத்தில் தடித்துவிடும்.

மில்லைத் தாண்டிய பிறகு எக்ஸ்ரே வைத்துத் தடிமன் அளக்கலாம். ஆனால் அந்தக் கருவி இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்க முடியும். அது ‘தப்பு’ என்று சொல்வதற்குள் இரண்டு மீட்டர் தகடு போயே போய்விட்டது. பிரிட்டனில் பிஸ்ரா என்ற எஃகு ஆராய்ச்சிச் சங்கம் 1950களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி சொன்னது. விசையை லோட் செல்லில் உடனுக்குடன் அளந்துகொள். இடைவெளி தெரியும், விறைப்பு தெரியும். ஆக, உருளைக்குள் இருக்கும்போதே தடிமன் தெரிந்துவிட்டது. மில்லே அளவுகோல் ஆகிவிட்டது. ‘கேஜ்மீட்டர்’ என்று பெயர். இன்று உலகில் ஓடும் தானியங்கித் தடிமன் கட்டுப்பாட்டின் அடியில் இந்த ஒரு வரிச் சமன்பாடு இருக்கிறது.

நான் இதை நிதி பற்றிய பேச்சில் எப்போதும் இழுத்துவிடுவேன். காரணம் உண்டு. பிஸ்ரா எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. 1944ல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு ஒரு பங்குப் பணம் எஃகு ஆலைகள் சேர்ந்து போட்டது, ஒரு பங்கு அரசு மானியம். எல்லாருக்கும் பொதுவான தலைவலிக்கு எல்லாரும் சேர்ந்து மருத்துவர் வைத்துக்கொண்ட கதை.

சேலம் ஸ்டெயின்லெஸ் எஃகு ஆலையில் ஒரு மெல்லிய தகட்டுக்கு 20 உருளை எதற்கு?

தகடு மெலிய மெலிய உருளை தட்டையாகும். பருத்த உருளையால் ஓர் அளவுக்குக் கீழே தகட்டை மெலிக்கவே முடியாது; எவ்வளவு அழுத்தினாலும் உருளைதான் நசுங்கும். ஆகவே ஒல்லியான உருளை வேண்டும். ஒல்லியானது வளைந்துவிடும். அதைத் தாங்க இரண்டு, அவற்றைத் தாங்க மூன்று, அவற்றையும் தாங்க நாலு. ஒரு பக்கத்துக்குப் பத்து, இரு பக்கத்துக்கும் 20. போலந்துக்காரர் தடேயுஷ் செண்ட்ஜிமிர் வடிவமைத்த இந்த மில்லில்தான் சேலம் ஸ்டெயின்லெஸ் தகடு உருண்டது.

அடுப்பங்கரையிலேயே இதன் இன்னொரு முகம் இருக்கிறது. சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். எந்தப் பக்கம் உணவு படவேண்டும் என்று வாட்ஸப்பில் சண்டை நடக்கும். விஷயம் வேறு. அவ்வளவு மெல்லிய தாளை ஒற்றையாக உருட்டினால் சமாளிப்பது கஷ்டம் என்பதால் கடைசி பாஸில் இரண்டு தாளைச் சேர்த்து உருட்டுகிறார்கள். உருளையைத் தொட்ட பக்கம் பளபளக்கும், தாளும் தாளும் உரசிய பக்கம் மங்கும். எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் சுற்றுங்கள்.

இந்த ஆராய்ச்சிக்கு யார் பணம் தருகிறார்கள்?

பல கைகள். ஆனால் கவனித்துப் பார்த்தால், நிறைய இடங்களில் எஃகின் காசே எஃகு ஆராய்ச்சிக்குத் திரும்பி வருகிறது.

இந்தியாவில் 1978ல் எஃகு வளர்ச்சி நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பெரிய ஆலைகளின் எஃகு விலையில் ஒரு தொகை சேர்த்து வசூலானது. வசூல் 1994ல் நின்றுவிட்டது. சேர்ந்திருந்த நிதியின் வட்டி வரவிலிருந்து ஆராய்ச்சித் திட்டங்களுக்குப் பணம் போனது. ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே கதை. 1951ல் பாரிஸில் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட நிலக்கரி எஃகுச் சமூக ஒப்பந்தம், உற்பத்தியாளர்களிடம் தீர்வை வாங்கியது. ஐம்பது வருட ஒப்பந்தம் 2002 ஜூலையில் காலாவதியானதும், மிச்சமிருந்த சொத்தை நிலக்கரி எஃகு ஆராய்ச்சி நிதியாக மாற்றிவிட்டார்கள். ஐரோப்பியக் கட்டுரைகளின் கடைசியில் அந்த நிதிக்கு நன்றி சொல்லும் வரியை இன்றும் பார்க்கலாம்.

மற்றபடி இங்கே எஃகு அமைச்சகத்தின் ஆராய்ச்சித் திட்டம் உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்ற மத்திய அரசின் ஆராய்ச்சி வாரியம் தந்துவந்தது, 2023ல் சட்டமாகி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. அணுசக்தித் துறைக்கு பி.ஆர்.என்.எஸ்., விமானத்துறைப் பொருள்களுக்கு ஏ.ஆர்.டி.பி. என்ற வாரியங்கள் வேறு வாசல்கள். அரசு எஃகு நிறுவனமான செயிலுக்கு ராஞ்சியில் சொந்த ஆராய்ச்சி மையம். சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் தேசிய உலோகவியல் ஆய்வகம் ஜாம்ஷெட்பூரில். 1946 நவம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் ராஜாஜி. நேரு திறந்து வைத்தது 1950ல்.

கம்பெனிகளே லாபத்தில் செய்துகொள்ளலாமே? வரிப்பணம் எதற்கு?

நியாயமான கேள்வி. செய்கிறார்கள், நிறையவே செய்கிறார்கள். ஆனால் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உருட்டும் மில் மணிக்கு 600 டன்னுக்கு மேல் தள்ளும். ‘ஒரு மணி நேரம் நிறுத்துங்கள், உராய்வை மாற்றிப் பார்க்கிறேன்’ என்று மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

அப்புறம், சில கேள்விகள் ஒரு கம்பெனியின் பொறுமையை விட நீளமானவை. டிரான்ஸ்பார்மர் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 3 விழுக்காடு சிலிக்கான் கலந்த, 0.23 அல்லது 0.27 மி.மீ. தடிமனான தகடு. உருட்டி, சூடாக்கி, மறுபடி உருட்டி, கடைசியில் 1,200 டிகிரியில் நாள்கணக்கில் வைத்தால், ஒரு குறிப்பிட்ட திசையில் நிற்கும் மணிகள் மட்டும் அக்கம்பக்கத்தை எல்லாம் தின்று சென்டிமீட்டர் அளவுக்கு வளர்கின்றன. காந்தப்புலம் அந்தத் திசையில் தடையில்லாமல் ஓடும். மின்சார விரயம் குறையும். நார்மன் காஸ் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 1934ல். அந்த மணிகள் மட்டும் ஏன் ஜெயிக்கின்றன என்பதில் தொண்ணூறு வருடம் கழித்தும் துறையில் ஒருமித்த கருத்து இல்லை. செய்முறை தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். இந்தியா தன் தேவையில் பெரும்பங்கை இறக்குமதி செய்தே காலம் தள்ளியிருக்கிறது. எஃகு அமைச்சகத்தின் ஆராய்ச்சிப் பட்டியலில் இந்தத் தகடு திரும்பத் திரும்ப இடம்பிடித்ததற்குக் காரணம் அதுதான். இதற்கு வரிப்பணம் செலவழிப்பது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. எதற்கு வீண் என்று தோன்றுகிறது என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கிடைக்கும் பணம் எதில் செலவாகிறது?

கருவி, ஆள், சாம்பிள் மற்றும் நுகர்பொருள், பயணம், சில்லறைச் செலவு, நிறுவனத்துக்குப் போகும் ஓவர்ஹெட் (நிர்வாகச் செலவு). பட்டியல் எல்லாத் திட்டத்திலும் இதுதான். பெரும்பங்கைக் கருவி தின்றுவிடும், பரவாயில்லை. சிக்கல் வேறிடத்தில். விசை அளக்கும் லோட் செல் வாங்க ஜெம் என்ற அரசுக் கொள்முதல் இணையதளத்தில் தேடி, கிடைக்காததற்குச் சான்று எடுத்து, டெண்டர் விட்டு, கமிட்டி கூடி, பொருள் வந்து சேர ஒரு வருடம் ஓடிவிடும். மூன்று வருடத் திட்டத்தில் ஒரு வருடம். பூட்டிக் கிடக்கும் மில்லுக்குப் பக்கத்தில் அமர்ந்து ஜே.ஆர்.எஃப் முந்தைய ஆய்வுக் கட்டுரைகளின் தொகுப்பு எழுதிக்கொண்டிருப்பார். பிறகு மார்ச் 31 நெருங்கும், ‘யு.சி. எங்கே’ என்று மின்னஞ்சல் வரும். 12-ஏ படிவத்தில் வரும் அந்தச் செலவுச் சான்றிதழை உருட்டல் சமன்பாட்டுக்குச் சமமாக மனப்பாடம் செய்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால், கருவிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை டெக்னீஷியனுக்குக் கொடுக்க வேண்டும். மில்லை ஓட்டத் தெரிந்த அண்ணன் ஓய்வுபெற்றுப் போன பின், ஆள் போடாமல் துணி போர்த்தி நிற்கும் ரோலிங் மில்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜே.ஆர்.எஃப் உதவித்தொகை எவ்வளவு? மெக்கானிக்கல் படித்தவர்கள் வரலாமா?

2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப் (முதுநிலை ஆராய்ச்சி மாணவர்) ஆனால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. மெக்கானிக்கல் தாராளமாக வரலாம். உருட்டலில் பாதி மெக்கானிக்கல்தான்.

லேபில் சின்ன மில்லில் செய்தது பெரிய ஆலைக்குப் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. உலையிலிருந்து 1,000 டிகிரியில் எடுத்த 5 மி.மீ. தகட்டை இடுக்கியில் பிடித்து மில்லுக்குக் கொண்டுபோகும் ஐந்து விநாடிக்குள் 40, 50 டிகிரி போய்விடும். பெரிய ஸ்லாபுக்கு அந்தக் கவலை இல்லை. வேகமும் வேறு, உருளைத் தடிமனும் வேறு. அதனால் ஒரே சோதனையில் எல்லாவற்றையும் பார்க்க முயல்வதில்லை. உருளை வடிவில் வெட்டிய சிறு எஃகுத் துண்டு ஒன்றை கிளீபில் என்ற சோதனைக் கருவியில் வைத்து, ஹாட் மில்லின் சூடும் அடியும் எப்படி வருமோ அப்படியே விநாடிக் கணக்கில் கொடுத்து, சட்டென்று குளிரவைத்து வெட்டிப் பார்ப்போம். லேப் மில் போக்கைக் காட்டும்; கடைசியில் ஆலையில் ஒரு முழுத் தகட்டுச் சுருளை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

கம்ப்யூட்டரிலேயே செய்துவிட முடியாதா?

உருளைக்குள் அழுத்தம் எப்படி ஏறி இறங்கும் என்பதற்கு 1925லேயே வான் கார்மான் சமன்பாடு எழுதிவிட்டார். 1943ல் அதை விரிவாக்கியவர் ஒரோவான். ஆமாம், டிஸ்லொகேஷன் சொன்ன அதே ஒரோவான். உள்ளே நடப்பதையும் வெளியே நடப்பதையும் ஒரே மனிதர் தொட்டது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். இன்று மென்பொருள் மேசையிலேயே எல்லாவற்றையும் வண்ண வண்ணமாகக் காட்டும். ஆனால் உராய்வு எவ்வளவு என்று அது உங்களிடம்தான் கேட்கும். நீங்கள் 0.1 என்று போட்டால் நம்பிக்கொள்ளும். உருட்டு விசையை முன்கூட்டிச் சொல்ல நியூரல் நெட்வொர்க்குகளும் வெகுநாளாக ஆலைகளில் உண்டு. பழகிய தகட்டுக்கு நன்றாகச் சொல்லும், புதுக் கலவை வந்தால் தடுமாறும்.

பணம் வாங்கிச் செய்த ஆராய்ச்சி தோற்றுப்போனால்?

தோற்பதற்கும் சேர்த்துத்தான் பணம். 1997ல் ஜப்பானின் அரசு ஆய்வகம் ஒன்று வலிமையும் ஆயுளும் இரண்டு மடங்கான எஃகு செய்வோம் என்று பெரிய திட்டம் தொடங்கியது. மணியை ஒரு மைக்ரானுக்குக் கொண்டுவருவது முக்கியமான வழி. அதே காலத்தில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் வேறொரு யோசனை: தகட்டைப் பாதியாக உருட்டு, வெட்டி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கு, மறுபடி பாதியாக உருட்டு. பத்துத் தடவை செய்தால் 1,024 அடுக்கு. பரோட்டாக்காரர் பார்த்தால் சிரிப்பார், ஆனால் மணி மைக்ரானுக்கும் கீழே போனது, வலிமை எகிறியது. கூடவே நீட்சி சரிந்தது. இழுத்தவுடன் ஓரிடத்தில் கழுத்து விழுந்து அறுந்துவிடும் தகட்டில் யாரும் கார் கதவு செய்ய முடியாது. தோல்வியா? மணியைச் சுருக்குவதற்கு ஒரு தரை உண்டு என்பது அந்தச் செலவில்தான் தெரிந்தது.

கல்பாக்கத்துக்கும் உருட்டலுக்கும் என்ன சம்பந்தம்?

அங்குள்ள அதிவேக ஈனுலையின் எரிபொருளைச் சுற்றியிருக்கும் மெல்லிய குழாய், டி9 என்ற ஸ்டெயின்லெஸ் எஃகு. நியூட்ரான்கள் மோதி மோதி உள்ளே வெற்றிடங்கள் உண்டாகி எஃகு உப்பும். குழாயைக் குளிர்நிலையில் 20 விழுக்காடு நசுக்கித் தந்தால் உப்புவது தள்ளிப்போகிறது. ஆசாரி நெருப்பில் காட்டி விரட்டும் அதே டிஸ்லொகேஷன்களை இங்கே வேண்டுமென்றே விட்டுவைக்கிறோம்.

புதிதாகச் சேர்கிறவர் முதல் நாளில் என்ன கற்க வேண்டும்?

அம்புக்குறி போட.

நான் சேர்ந்த நாலாவது மாதம், சதுரமாக வெட்டிய 14 தகடுகளைக் குளிர்நிலையில் உருட்டினேன். உருட்டிய திசை தெரிய மார்க்கர் பேனாவில் ஒவ்வொன்றிலும் அழகாக ஓர் அம்பு. பிறகு எண்ணெய் போக அசிட்டோனில் துடைத்தேன். அம்பு மங்கியது; மேலே மறுபடி வரைந்தேன். 700 டிகிரி உலையில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தபோது 14 தகடும் ஒரே சாம்பல் நிறம். அம்பு ஒன்றிலும் இல்லை. உருட்டிய திசை தெரியாத தகட்டிலிருந்து இழுவைச் சோதனைத் துண்டு வெட்டுவது, எந்தப் பக்கம் தலை என்று தெரியாமல் சட்டை தைப்பது மாதிரி. லேபில் இருந்த அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நகைக்கடை லென்ஸ் மாதிரி ஒன்றைக் கண்ணில் வைத்து, உருளையின் சாணை வரிகள் தகட்டில் பதிந்திருந்த திசையைத் தேடினார். ஒன்பது தகட்டில் கண்டுபிடித்தார். ஐந்தை ஓரமாக வைத்துவிட்டார்.

அவர் காட்டிய வழி இது: பேனாவை நம்பாதீர்கள். உருட்டுவதற்கு முன்பே தகட்டின் முன்பக்க வலது மூலையைச் சின்னதாக நறுக்கிவிடுங்கள். தகட்டின் வரிசை எண்ணை உலோகப் பஞ்ச் வைத்து அடித்துப் பதியுங்கள், வால் பக்க ஓரத்தில். கவ்வும் ஓரத்தில் அடித்தால் அங்கிருந்தே வெடிப்பு கிளம்பும்.